உட்புறத்து வண்ணம்

துறை மலருக்குக் கட்டுரை கேட்டு மாணவர்கள் நம் அறைக்கு வந்தபோது, சீறாப்புராணத்து உவமைகளைப் பற்றி ஏதேனும் எழுதித் தருவோம் என்றே எதிர்பார்த்திருப்பார்கள். உமறுப் புலவரைத்தான் ஆய்வியல் நிறைஞர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டோம் என்பது அவர்களுக்குத் தெரியும். (அந்தப் பட்டத்தையே பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் நிறுத்திவிட்டது, அது வேறு கதை.) ஆனால் இவ்வாண்டு நம் நெஞ்சில் நின்றது காப்பியம் அன்று. ஒரு முழ நீளமுள்ள விளையாட்டுக் காரின் மேல்மூடியும், அதற்கு வண்ணம் பூசப் போய் நாம் பட்ட பாடுமே ஆகும். பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும்.

நாம் வாழும் ஊர் தளி. ஓசூருக்குத் தென்மேற்கே சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில், கன்னட நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரம் ஆகையால் மார்கழி, தை மாதக் காலைகளில் மூடுபனி எதிர்வீட்டையும் மறைத்துவிடும். இந்தக் குளிரைக் கண்டுதான் இவ்வூரைக் 'குட்டி இங்கிலாந்து' என்றார்கள். ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் கேட்கலாம். நாம் பிறந்தபோது இது தருமபுரி மாவட்டம். 2004 முதல் கிருஷ்ணகிரி மாவட்டம். 'தளி' என்னும் சொல்லுக்குக் கோயில் என்றும் மழைத்துளி என்றும் அகராதி இரு பொருள் தரும். ஊர்ப்பெயர் எதிலிருந்து வந்தது என்னும் வாதம் ஈண்டு வேண்டா. துளியைப் பற்றித்தான் இக்கட்டுரை முழுதும் பேசப் போகிறோம்.

நம் மகன் பல்தொழில்நுட்பக் கல்லூரியில் இயந்திரவியல் படிக்கிறான். விடுமுறைகளில் ரோஜாப் பண்ணையில் பூக்கட்டுகளைப் பெட்டியில் அடுக்கும் வேலைக்குச் சென்று பணம் சேர்த்தான். கைபேசி வாங்குவான் என்று எண்ணியிருந்தோம். அவனோ பெங்களூருக்குப் போய், யாரோ ஓட்டிக் கழித்த ரிமோட் கார் ஒன்றை வாங்கி வந்து கூடத்தில் வைத்தான். உண்மைக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவு. "பிள்ளைகள் விளையாடும் பொருளுக்கா இவ்வளவு பணம்?" என்று நாம் கேட்டோம். 1976இல் ஜப்பானியத் தமியா நிறுவனம் போர்ஷே 934 காரின் சிறுவடிவை வானொலி அலையால் ஓடவிட்டது முதல், உலகெங்கும் வளர்ந்தவர்களே இதைப் பந்தயமாக நடத்துகிறார்கள் என்று நமக்குப் பாடம் எடுத்தான். பெங்களூரிலும் இதை ஓட்டும் நண்பர்கள் அவனுக்கு இருக்கிறார்கள்.

காருடன் வந்த மேல்மூடி உடைந்திருந்தது. புதிதாக இரண்டு வாங்கினான். நம் மாணவர்கள் பலருக்குத் தெரியாத ஒரு செய்தியை இவ்விடத்தில் சொல்ல வேண்டும். இந்த மேல்மூடி வாங்கும்போது கண்ணாடி போல நிறமற்று இருக்கும். இது பாலிகார்பனேட் என்னும் பொருள். 1953இல் ஜெர்மனியில் ஹெர்மன் ஷ்னெல் என்பவர் கண்டது. ஏறத்தாழ அதே நாள்களில் அமெரிக்காவில் டேனியல் ஃபாக்ஸ் என்பவரும் தனியே கண்டார். காரின் முகப்பு விளக்கு மூடியும், கலவரம் அடக்கும் காவலரின் கேடயமும் இதனால் ஆனவையே. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள தகட்டைச் சூடாக்கி, அச்சின்மேல் காற்றை உறிஞ்சி இழுத்து இம்மூடியைச் செய்கிறார்கள். மோதினால் உடையாது, வளைந்து நிமிரும்.

இதற்கு வண்ணம் வெளியே பூசுவதில்லை, உள்ளே பூசுவர். கார் கவிழ்ந்து தரையில் தேய்ந்தாலும் தேய்வது வெறும் பிளாஸ்டிக்கே; வண்ணம் அதற்கு அப்பால் பத்திரமாக இருக்கும். இந்த உண்மை நமக்கும் தெரியாது, மகனுக்கும் முதலில் தெரியாது. அவன் ஓசூரில் கார் உதிரிக் கடையில் வண்ணப் புட்டி ஒன்று வாங்கி, முதல் மூடியின் வெளிப்புறத்தில் அடித்தான். இரண்டு நாள் பளபளத்தது. மூன்றாம் நாள் பள்ளிக்கூட மதிலில் மோதியதும் பாம்பு சட்டை உரித்தது போல ஏடு ஏடாக உதிர்ந்தது. வளையும் தகட்டின்மேல் வளையாத வண்ணம் எப்படி நிற்கும்?

இரண்டாம் மூடிக்கு முறையாகவே ஏற்பாடு செய்தான். பெங்களூர் எஸ்.பி. சாலையில் சிறிய கம்ப்ரஸர் ஒன்றும் ஏர்பிரஷ் ஒன்றும் வாங்கினான். ஏர்பிரஷைக் 'காற்றுத் தூரிகை' எனலாம். எழுதுகோலைப் போலப் பிடிப்பது, நுனித்துளை 0.3 மில்லிமீட்டர், மேலே சிறு கிண்ணத்தில் வண்ணம். பாலிகார்பனேட்டுக்கென்றே செய்த, நீரில் கரையும் வண்ணத்தையும் நண்பர்கள் வழியாகப் பெற்றான். ஒரு மார்கழி விடியலில், நாம் தொழுதுவிட்டுத் திரும்பும்போதே வேலையைத் தொடங்கியிருந்தான். எட்டு மணிக்குள் கண்ணீரும் கம்பலையுமாக நின்றான். வண்ணம் ஓரிடத்தில் குழி விழுந்தது. ஓரிடத்தில் மணல் போலச் சொரசொரத்தது. ஓரிடத்தில் சிலந்திக்கால் போல எட்டுத் திசையிலும் ஓடியது. நாம் அருகில் நின்று "பொறுமையாகச் செய், கவனமாகச் செய்" என்றோம். தமிழாசிரியருக்கு வேறு என்ன சொல்லத் தெரியும்? பொறுமை போதாமையால் நேர்ந்த பிழை அதில் ஒன்றுகூட இல்லை என்பது பிற்பாடுதான் விளங்கியது.

கெட்டதைத் துடைத்துவிட்டு மீண்டும் அடிக்கலாம் என்று அவன் தின்னரில் துணியை நனைத்துப் பாதி மூடியைத் துடைத்தான். வண்ணம் போயிற்று, அதோடு தகடும் வெண்பனி படர்ந்தாற்போல் மங்கி, வறண்ட ஏரிக்கரை போல நுண்ணிய வெடிப்புகள் விட்டது. தின்னரிலுள்ள கடுங்கரைப்பான்கள் பாலிகார்பனேட்டைத் தின்றுவிடும். ரோஜாப் பெட்டி அடுக்கிய பணம் அவ்வளவும் அந்த வெடிப்புக்குள் போயிற்று.

இந்த இடத்தில் வாசகர் ஒருவர் கேட்கலாம்: வீட்டிலேயே வண்ணக்காரர் இருக்க, நீங்கள் ஏன் அவரிடம் கேட்கவில்லை? இருக்கத்தான் செய்தார். நம் அண்ணன் அடுத்த தெருவில் இருக்கிறார். 1988இல் அத்தா மௌத்தானபோது அவருக்குப் பதினெட்டு வயது, நமக்கு ஒன்பது. அந்த ஆண்டே அவர் பெங்களூர் நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு டிங்கரிங், பெயிண்டிங் செய்யும் பட்டறை ஒன்றில் சேர்ந்தார். 1980இல் டி.வி.எஸ். 50 மொபெட் வெளிவந்த காலந்தொட்டு ஓசூர் ஆலைகளின் ஊராக வளர்ந்துகொண்டிருந்தது. லாரிகள் ஓயாமல் வந்தன. முப்பது ஆண்டு ஸ்பிரே கன் பிடித்தார். ஆறு ஆண்டுகளுக்கு முன், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று மருத்துவரிடம் போன பின்பு அந்தத் தொழிலை விட்டார். அன்றிலிருந்து பெயின்ட் வாசமே அவர் இருக்கும் பக்கம் வரக்கூடாது என்பது அண்ணியின் கட்டளை. ஆகவே மகனின் முயற்சிகளை நாம் மறைத்தே வைத்திருந்தோம்.

மறைத்தது நிலைக்கவில்லை. ஜும்ஆத் தொழுகை முடித்து வழக்கம்போல் நம் இல்லத்துக்கு வந்த அண்ணன், திண்ணை மூலையில் சாக்குக்கு அடியில் கிடந்த மூடியைக் கண்டார். எடுத்தார். நாம் பேச்சை மாற்றப் பார்த்தோம். அவர் காதில் வாங்கவில்லை. வாசலுக்குப் போய் வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏட்டுச்சுவடியை நம் பேராசிரியர் அப்படித்தான் பார்ப்பார். தின்னர் படாத மறுபாதியில் அத்தனைக் குற்றங்களும் அப்படியே இருந்தன.

"கண்ணு, இங்க வா. நேத்து தலைக்கு எண்ணெய் வச்சியா?"

"ஆமா பெரியத்தா. ஏன் கேக்குறீங்க?"

"மூணு விரல் தெரியுதே!"

உண்மைதான். குழிகள் மூன்றும் வளைந்த வரிசையில், கைவிரல் பட்ட இடத்தில் இருந்தன. எண்ணெய் இருக்கும் இடத்தில் வண்ணம் ஒட்டாமல் விலகி வட்டமாகச் சுருங்கும். பட்டறைகளில் இதை 'ஃபிஷ் ஐ', மீன்கண், என்கிறார்கள். அடிக்கும் முன் பாத்திரச் சோப்பும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு உட்புறத்தைக் கழுவி, உலரவிட்டு, பிறகு விரல் படாமல் விளிம்பைப் பிடிக்க வேண்டும் என்றார். வேறொரு மூலையிலும் குழிகள் இருந்தன. அவை ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடந்தன. "இது எண்ணெய் இல்ல, தண்ணி. தொட்டியில தண்ணி வடிச்சியா?" என்றார். மகன் விழித்தான். கம்ப்ரஸருக்குத் தண்ணீர் ஏது என்று நாமும்தான் விழித்தோம்.

காற்றை அழுத்தும்போது சூடாகும். தொட்டியில் குளிரும்போது அதிலிருந்த ஈரம் துளியாகி அடியில் தங்கும். வண்ணத்தோடு அந்தத் துளியும் குழாய் வழியே பீறிட்டு வரும். தொட்டிக்கு அடியில் இதற்கென்றே ஒரு திருகு வைத்திருக்கிறார்கள். தளியைப் போன்ற பனியூரில் அதை நாள்தோறும் திறந்துவிட வேண்டும். மழைக்காலத்தில் லாரிக்கு என்.சி. பெயின்ட் அடித்துவிட்டு மறுநாள் பார்த்தால் சிவப்பெல்லாம் பால் ஊற்றியதுபோல் வெளுத்துக் கிடக்கும் என்று அண்ணன் ஒரு கதை சொன்னார். தின்னர் விரைந்து ஆவியாகும்போது பூசிய பரப்பு குளிர்கிறது. குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் பனியாய்ப் படிந்து வண்ணத்துக்குள் புகுகிறது. மெதுவாக உலரும் தின்னர் சேர்ப்பதும், வெயில் ஏறும்வரை காத்திருப்பதும் அதற்கு மருந்து. நீரில் கரையும் வண்ணத்துக்கும் பனி பகையே, உலராமல் வழியும். "விடியக்காலம் படிக்கிறதுக்கு நல்ல நேரம். பெயிண்ட் அடிக்கப் பத்து மணிக்கு மேலதான்" என்றார். படிப்பைப் பற்றிய பாதி நமக்காகச் சொன்னது போலும்!

மணல் போன்ற சொரசொரப்பைத் தொட்டுப் பார்த்து, தூரத்தில் பிடித்து அடித்திருக்கிறாய் என்றார். துளி பறக்கும் வழியிலேயே உலர்ந்து, பொடியாய் வந்து விழுந்திருக்கிறது. சிலந்திக்காலைக் காட்டி, மிக அருகில் பிடித்திருக்கிறாய், வண்ணம் தண்ணீராய் இருந்திருக்கிறது, காற்றும் கூடுதல் என்றார். பாலின் பதத்துக்குக் கரைத்து, 20 பி.எஸ்.ஐ. அளவில் காற்று வைத்து, நாலைந்து அங்குலத்துக்கு அப்பாலிருந்து மெல்லிய பூச்சாக அடித்தால் இரண்டும் வாரா. ஒவ்வொரு கோட்டின் தொடக்கத்திலும் ஒரு பெரிய சொட்டு விழுந்திருந்தது. அதற்கு அவர் சொன்ன விடையை இன்னும் எண்ணிப் பார்க்கிறோம். காற்றுத் தூரிகையின் விசை இருவகையில் வேலை செய்யும்: கீழே அழுத்தினால் காற்று, பின்னே இழுத்தால் வண்ணம். முதலில் காற்று வர வேண்டும், பிறகே வண்ணம். நிறுத்தும்போது வண்ணம் முதலில் நிற்க வேண்டும்; காற்று கடைசியில். மகன் தலைகீழாய்ச் செய்திருக்கிறான். ஊசிமுனையில் தேங்கிய வண்ணம் அடுத்த முறை காற்று வந்ததும் சொட்டாகத் தெறித்திருக்கிறது.

இத்தனையும் அவர் ஏர்பிரஷைக் கண்ணால் பார்க்காமலே சொன்னவை. பிறகுதான் அதைக் கொண்டுவரச் சொன்னார். கிண்ணத்தில் நீர் ஊற்றி அழுத்தியதும் நீர் குமிழியிட்டது. நுனி அடைத்திருந்தால் காற்று வெளியேற வழியின்றிப் பின்னோக்கிக் கிண்ணத்துக்குள் வரும், அதுதான் குமிழி. மகன் தையல் ஊசி எடுக்க ஓடினான். அண்ணன் அவன் கையைப் பிடித்து நிறுத்தினார். 0.3 மில்லிமீட்டர்த் துளையில் ஊசி விட்டால் அது 0.3 ஆக இராது. நுனியைக் கழற்றி வெந்நீரில் ஊறவைத்தார்கள். காய்ந்த வண்ணம் சிறு தோலாகக் கழன்று மிதந்தது.

நமக்கு இக்கருவியின் வரலாற்றை அறியும் ஆவல் பிறந்தது. ஏர்பிரஷ் போன்ற தெளிப்பான் ஒன்றுக்கு 1876இல் அமெரிக்காவில் ஃபிரான்சிஸ் எட்கர் ஸ்டேன்லி என்பவர் காப்புரிமை பெற்றிருக்கிறார். நிழற்படங்களுக்கு வண்ணம் ஏற்ற அது பயன்பட்டது. அவரே பின்னர்த் தம் இரட்டைச் சகோதரருடன் சேர்ந்து நீராவிக் கார் செய்து புகழ்பெற்றார். அண்ணன் பிடித்த ஸ்பிரே கன்னுக்கோ வேறு மூதாதை. ஓஹாயோ மாநிலம் டொலீடோ நகரில் ஆலன் டிவில்பிஸ் என்னும் மருத்துவர், நோயாளிகளின் தொண்டைக்கு மருந்து தெளிப்பதற்காக ஒரு கருவி செய்து, 1888இல் அதற்கென நிறுவனமும் தொடங்கினார். அவர் மகன் தாமஸ் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே கருவியை வண்ணம் தெளிக்கும்படி மாற்றினார். 1923இல் டூபாண்ட் நிறுவனத்தின் 'டூகோ' என்னும் விரைவில் உலரும் வண்ணம் கார்களுக்கு வந்ததும் தெளிப்பதே வழக்கம் ஆயிற்று. நம் ஊர்ப் பட்டறைகளில் 'டக்கோ பெயிண்டிங்' என்பது அந்தப் பெயரின் எச்சம். அண்ணனிடம் இதைப் படித்துக் காட்டினோம். அவர் சட்டைப் பையில் மூச்சுக்கு மருந்து தெளிக்கும் இன்ஹேலர் இருந்தது. "தொண்டைக்கு மருந்தா? சரிதான்" என்று மட்டும் சொன்னார்.

மூன்றாம் மூடி வந்தது. மகன் எல்லாம் எடுத்து வைத்துவிட்டு, கொரோனாக் காலத்தில் வாங்கி மிஞ்சிய நீலநிற முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு நின்றான். அண்ணன் வேலையை நிறுத்திவிட்டார். "இது எச்சி தெறிக்காம இருக்கப் போடறது. புகையா வர்றது இதுல நிக்காது" என்றார். இரண்டு பக்கமும் வடிகட்டிக் குமிழ் உள்ள முகமூடி ஓசூரிலிருந்து வரும்வரை ஒரு வாரம் கம்ப்ரஸரைத் தொடவிடவில்லை. நீர்வண்ணத்துக்கு இவ்வளவு தேவையா என்று மகன் முணுமுணுத்தான். பிறகு, இயல்பாகத்தான், கேட்டான்:

"பெரியத்தா, அப்ப நீங்க என்ன மாஸ்க் போட்டீங்க?"

"கைக்குட்டை."

அந்தக் கைக்குட்டைகளை நமக்குத் தெரியும். அண்ணன் இரவில் வந்து கழுத்திலிருந்து கழற்றிப் போடுவார். 'இன்றைக்கு என்ன லாரி?' என்பது நம் சிறுவயது விளையாட்டு. கைக்குட்டையைப் பார்த்து, பச்சை என்றால் தார்ப்பாய் லாரி, மஞ்சள் என்றால் தண்ணீர் லாரி என்று நாமே வகுத்துக்கொண்ட கணக்கில் விடை சொல்வோம். சரியாக இருந்தால் அண்ணன் பர்பியோ கடலை மிட்டாயோ தருவார். வெளிப்பக்கம் புழுதி படிந்து நிறம் மங்கியிருக்கும். ஆகையால் எப்போதும் முடிச்சை அவிழ்த்து உட்பக்கத்தைத்தான் பார்ப்போம். மூக்கும் வாயும் பட்ட அந்த இடத்தில் நிறம் தெளிவாகத் தெரியும். அது எப்படி அங்கே வந்தது என்று கேட்க ஒன்பது வயதில் தோன்றவில்லை. பத்தொன்பது வயதில் இளங்கலைத் தமிழுக்கு அவர் கட்டணம் கட்டியபோதும், பிறகு முதுகலைக்கும் ஆய்வுக்கும் கட்டியபோதும் தோன்றவில்லை. அம்மா சோப்புப் போட்டு அடித்துத் துவைப்பார், கறை போகாது.

பிற்காலத்தில் லாரிகளுக்கு இரண்டு கலவை சேர்த்து அடிக்கும் பி.யூ. பெயின்ட் வந்தது. அதன் கெட்டிப்படுத்தும் கலவையில் ஐசோசயனேட் என்னும் பொருள் உண்டு. அதன் நுண்துளியை மூச்சில் வாங்குவோரில் சிலருக்கு ஆஸ்துமா வரும். ஒருமுறை உடல் அதற்குப் பழகிப் பகைத்துக்கொண்டால், பின்பு சிறிதளவு பட்டாலும் மூச்சு அடைக்கும். வெளியிலிருந்து தனிக் குழாயில் நல்ல காற்று வரும் தலைக்கவசம் அணிந்தே அதை அடிக்க வேண்டும் என்பது விதி. பெரிய ஆலைகளில் இன்று இயந்திரக் கைகளே தெளிக்கின்றன. அண்ணன் இருந்த பட்டறையில் கதவைச் சாத்திக்கொண்டு அடித்தார்கள், தூசி விழக்கூடாது என்பதற்காக. லாரியின்மேல் தூசி விழக்கூடாது! இதை மருத்துவர் வினவியபோதுதான் நாமே முதன்முதலாகக் கேட்டோம். உடன்பிறந்து முப்பது ஆண்டு அருகில் இருந்தவர் கேட்டறியாததை முன்பின் தெரியாத ஒருவர் ஐந்து நிமிடத்தில் கேட்டறிந்தார்.

முகமூடி வந்த ஞாயிற்றுக்கிழமை, பத்து மணிக்கு மேல், கொல்லைப்புறத்தில் வேலை தொடங்கியது. அண்ணன் காற்று வரும் திசையில், முருங்கைக்கு அடியில், பதினைந்து அடி தள்ளி நாற்காலி போட்டு அமர்ந்தார். அண்ணிக்குச் சொல்லி, அவர் வந்து காற்றின் திசையைத் தாமே சோதித்த பிறகு கிடைத்த இசைவு அது.

மஞ்சள் மூடி, கறுப்புக் கோடுகள், முன்புறம் கறுப்பில் 'தளி' என்ற எழுத்து: இது மகனின் விருப்பம். உள்ளிருந்து பூசுவதால் வரிசை தலைகீழ். கண்ணுக்கு முதலில் தெரிய வேண்டியதை முதலில் பூச வேண்டும். கறுப்பு முதலில், மஞ்சள் பிறகு, மஞ்சளுக்குப் பின்னால் வெள்ளை. மஞ்சளை முதலில் அடித்துவிட்டுக் கறுப்புக்குப் போனால், சிந்திய கறுப்பு மஞ்சளின் வழியே அழுக்காய்த் தெரியும். வெள்ளையை விட்டுவிட்டால் மஞ்சள் வெளிறித் தோன்றும். தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வாறே எழுதப்பட்டன: கண்ணாடியின் பின்புறத்தில், கண்ணும் நகையும் கோடும் முதலில்; உடலின் நிறம் அடுத்து; பின்னணி கடைசியில். தாளில் எழுதுவோர் கண்ணைக் கடைசியில் திருத்திக்கொள்ளலாம். கண்ணாடியில் எழுதுவோருக்கு அந்த வசதி இல்லை.

எழுத்து வெட்டும் பணி நமக்கு வந்தது. தமிழாசிரியர் என்பதால் கொடுத்தார்கள். மாஸ்கிங் டேப்பில் 'தளி' என்று அழகாக எழுதி, பிளேடால் வெட்டி, உட்புறத்தில் ஒட்டினோம். அண்ணன் மூடியை வெளிப்புறம் திருப்பிக் காட்டினார். எழுத்து இடம்வலமாக மாறி, எந்த மொழியும் அல்லாத ஒன்றாக இருந்தது. இருபது ஆண்டாகக் கரும்பலகையில் எழுதும் கை, 'ள'கரத்தை எதிர்ப்புறம் சுழித்து எழுதத் தெரியாமல் திகைத்தது. நம் கூடத்தில் அத்தா காலத்துக் கண்ணாடிச் சட்டம் ஒன்று தொங்குகிறது. பிஸ்மில்லாஹ் பொன்னிறத்தில் கண்ணாடியின் பின்புறம் எழுதப்பட்டது. வலமிருந்து இடம் ஓடும் எழுத்தை இடமிருந்து வலமாக எழுதிய அந்தப் பெயர் தெரியாத கை எவ்வளவு பழகியிருக்க வேண்டும் என்பதை நாற்பத்தைந்து ஆண்டு பார்த்த பிறகு அன்றுதான் எண்ணினோம். ஐந்து முறை வெட்டினோம். ஆறாவது தேறியது.

டேப்பின் விளிம்பை நகத்தால் அழுத்தச் சொன்னார் அண்ணன். முதல் பூச்சு ஈரமாக இருந்தால் டேப்புக்கு அடியில் கசிந்து எழுத்துக்கு மீசை முளைக்கும்; ஆதலின் தூவியும் தூவாமலும் ஒரு பூச்சு, அது உலர்ந்த பின் மற்றொன்று. இடையிடையே முடி உலர்த்தும் கருவியால் இளஞ்சூட்டுக் காற்று. மகன் முகமூடிக்குள்ளிருந்து ஏதோ கேட்பான். அண்ணன் கையை உயர்த்தியும் தாழ்த்தியும் தூரத்தைச் சொல்வார். இரண்டு முறை அவருக்கு இருமல் வந்தது. இரண்டு முறையும் மகன் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். "நீ அடி" என்று கை காட்டினார். ஓரிடத்தில் அவன் கை தயங்கியபோது, அண்ணனின் வலக்கை நாற்காலியின்மேல் தானாக மடங்கி, ஆள்காட்டி விரல் விசையை இழுப்பதுபோல் இழுத்ததைக் கண்டோம்.

வெள்ளைப் பூச்சு முடிந்து, ஜன்னல் மறைப்புகளையும் வெளிப்புறத்துப் பாதுகாப்பு ஏட்டையும் உரித்தபோது மணி மூன்று. கறுப்பில் ஓரிடம் சற்றுக் கசிந்திருந்தது, 'ளி'யின் மேல்சுழியில். மற்றபடி குறையில்லை. அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "இது எழுத்து வெட்டினவரோட தப்பு" என்றார். ஒப்புக்கொண்டோம்.

மறுவாரம் பள்ளி மைதானத்தில் ஓடியது. மணிக்கு நாற்பது கிலோமீட்டர் என்று மகன் சொன்னான். நம் கண்ணுக்கு அது ஒரு மஞ்சள் கோடு. மூன்றாம் சுற்றில் கம்பத்தில் மோதி, இருமுறை உருண்டு, கவிழ்ந்தது. நமக்குத்தான் நெஞ்சு அடித்துக்கொண்டது. மகன் ஓடிப் போய் எடுத்து வந்து நேரே பெரியத்தாவிடம் கொடுத்தான். கூரையின் வெளிப்புறத்தில் நீளமான கீறல்கள். அண்ணன் மூடியைக் கழற்றி, பெருவிரலால் உட்புறம் முழுதும் தடவினார். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

"இன்னொண்ணு அடிக்கணும் பெரியத்தா. சிவப்புல. பெங்களூர் நண்பனுக்கு" என்றான் மகன்.

"அடிக்கலாம். தொட்டியில தண்ணி வடிச்சியா?"

மகன் பதில் சொல்லவில்லை. வீடு திரும்பியதும் நேரே கொல்லைக்குப் போய்க் கம்ப்ரஸரைச் சாய்த்து அடித்திருகைத் திறந்தான். சீறிக்கொண்டு காற்று வந்தது. பின்னாலேயே ஒரு கரண்டி அளவு தண்ணீர், துரு கலந்து பழுப்பாய்ச் சிமெண்டுத் தரையில் வழிந்தது.